மொழி குடியிருக்கும் இடம்

பினாங்குத் தீவை எதிர்நோக்கிப் பெருநிலக் கரையில் அமைந்திருக்கும் பட்டர்வொர்த் நகரின் ஒரு பகுதியாகிய மாக் மண்டினில், பொழுது புலர்ந்து பசாரில் மீன் பெட்டிகள் இறங்கும் வேளையில் சற்று நின்று காது கொடுப்பவர்களுக்கு, பாஷைகளைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதிய பண்டிதர்களும் எளிதில் விளக்கிவிட முடியாத ஒரு விந்தை அங்கே தினந்தோறும் நடந்துவருவது புலப்படும். பள்ளிச் சீருடை அணிந்த பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தமிழ்ப் பாட்டி ஒருவர், மீன்காரரிடம் "இனி பெராபா?" என்று மலாயில் விலை கேட்கிறார், மீன்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம் சீன மொழியாகிய ஹொக்கியெனில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, திரும்பி மலாயில் விலை சொல்கிறார், பாட்டி, "ஓடாதய்யா, தரையெல்லாம் வழுக்குது" என்று பேரனைத் தமிழில் அடக்குகிறார், பேரனோ வகுப்பில் கற்ற ஆங்கிலப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு நிமிஷத்துக்குள் நான்கு பாஷைகள் புழங்கிவிட்டன. பேரம் படிந்து, மீன் பைக்குள் போய், அவரவரும் தம் வழியே செல்கிறார்களேயன்றி, இதில் வியப்பதற்கு ஏதேனும் உண்டென்று எவரும் எண்ணுவதில்லை.

ஆயினும் நிதானமாக யோசித்துப் பார்த்தால், மீன்காரரின் வாயிலிருந்து புறப்பட்டுப் பாட்டியின் செவியைச் சென்றடைந்தது காற்றின் அசைவைத் தவிர வேறொன்றுமில்லை என்பது விளங்கும். அந்த அசைவில் விலையும் இல்லை, மீனும் இல்லை, மலாயும் இல்லை. அவையெல்லாம் பாட்டியின் சிரசுக்குள்ளே, அரை நொடிக்கும் குறைந்த அவகாசத்தில் உண்டாயின. அது எவ்வாறு உண்டாகிறது, மூளையின் எந்த ஸ்தானத்தில் உண்டாகிறது, செவி என்னும் வாயில் அடைபட்டிருந்தால் மொழியும் அடைபட்டுப் போகுமா என்னும் கேள்விகளுக்குக் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக விஞ்ஞானிகள் தேடிக் கண்டிருக்கும் விடைகளைப் பார்ப்போம். அவற்றுள் ஒரு முக்கியமான விடைக்குச் சாட்சி, கடலுக்கு அக்கரையில் பினாங்குத் தீவிலேயே இருக்கிறது.

செவியின் வேலை

புறச்செவியின் வழியே புகுந்த ஓசை செவிப்பறையில் மோத, அப்பறையின் அதிர்ச்சியைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று வடிவத்தை ஒட்டிப் பெயரிடப்பட்ட மூன்று சிற்றெலும்புகள் ஏந்திச் சென்று உட்செவியிலுள்ள திரவத்தினிடம் ஒப்படைக்கின்றன. இவற்றுள் கடைசியானதாகிய அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. மனித சரீரத்திலுள்ள எலும்புகள் யாவற்றினும் சிறியது. காற்றில் இலகுவாகப் பரவும் அதிர்ச்சி, திரவத்தின் மேல் விழும்போது அதன் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும் ஆதலால், விசாலமான செவிப்பறை வாங்கிய விசையை மிகச் சிறிய ஒரு துவாரத்தின் மேல் குவித்து, அழுத்தத்தை ஏறத்தாழ 20 மடங்காகப் பெருக்கி அனுப்பும் பொறுப்பு இந்த எலும்புகளைச் சேர்ந்தது.

திரவத்தில் எழுந்த அலை, காக்ளியா என்று வைத்தியர்கள் கூறும் நத்தைச் சுருளுக்குள் ஓடுகிறது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்டிருக்கும் இவ்வுறுப்பை நீட்டிப் பிடித்தால் 35 மில்லிமீட்டர் வரும். வீணையின் மெட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்வரம் உரியதாக இருப்பதைப் போல, இச்சுருளின் உள்ளே நெடுகக் கிடக்கும் சவ்வின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு உரியதாக இருக்கிறது. வாயிலருகே கீச்சென்ற உச்ச ஒலிகளுக்கும், உள்நுனியில் கனத்த மந்தர ஒலிகளுக்கும் அதிர்வு மிகுகிறது. இறந்தவர்களின் செவிகளை நுண்பெருக்கியின் அடியில் வைத்து இந்த அலையின் ஓட்டத்தைக் கண்ணால் கண்டு சொன்ன ஹங்கேரிய விஞ்ஞானி கியார்க் பான் பெக்கெஷிக்கு 1961-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. சவ்வின் மேல் வரிசையாக நிற்கும் மயிர்க்கலங்கள் அசையும்போது மின் துடிப்புகள் பிறக்கின்றன. அவற்றுள் செய்தியை மூளைக்கு அனுப்பும் முக்கியமான உள்வரிசைக் கலங்கள் ஒரு செவிக்கு சுமார் 3,500-தான். கண்ணில் ஒளியை ஏற்கும் கலங்கள் கோடிக்கணக்கில் இருக்க, நாம் கேட்ட தாலாட்டும் வசவும் உபதேசமும் சங்கீதமும் இந்தச் சில ஆயிரம் கலங்களின் வழியேதான் வந்தன.

அவை ஒருமுறை மடிந்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. தொழிற்பேட்டையாகவும் விளங்கும் மாக் மண்டினைப் போன்ற ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்பு அடிக்கும் பட்டறையிலும் இயந்திரங்கள் இரையும் ஆலையிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு முதலில் சேதமாவது உச்ச சுருதிகளுக்குரிய கலங்கள்தான். மலேசிய அரசு 2019-இல் கொண்டுவந்த விதிகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்னும் அளவை எல்லையாக வகுத்து, அதற்கு மேல் போகும் இடங்களில் தொழிலாளரின் செவிகளைக் காப்பது முதலாளியின் கடமை என்று விதித்திருக்கின்றன. உயிரெழுத்துகளின் பலம் கீழ்ச் சுருதிகளில் இருக்க, 'ச', 'ஸ', 'த' முதலிய மெய்களை ஒன்றிலிருந்து மற்றொன்று வேறாகக் காட்டும் நுட்பங்கள் பெரும்பாலும் மேல் சுருதிகளில் தங்கியிருக்கின்றன. ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவர், "நீ பேசறது கேக்குதுப்பா, என்ன சொல்றேன்னுதான் வெளங்கல" என்று மகனிடம் அலுத்துக்கொள்வாரானால், அது கவனக்குறைவும் அன்று, பிடிவாதமும் அன்று. தம் செவியின் நிலையை அவர் அச்சுப் பிசகாமல் சொல்கிறார்.

ஓசை சொல்லாகும் விதம்

செவியிலிருந்து புறப்படும் கேள்நரம்பில் சுமார் 30,000 இழைகள் இருக்கின்றன. அவை சுமந்து செல்லும் செய்தி நேரே மூளையின் மேல்தளத்துக்குப் போய்விடுவதில்லை. வழியில் மூளைத்தண்டில் பல நிலையங்களில் தங்கி, அங்கங்கே ஆராயப்பட்டு, இடச்செவியின் செய்தியும் வலச்செவியின் செய்தியும் ஒப்பிடப்பட்டு மேலே ஏறுகிறது. ஓசை பக்கவாட்டிலிருந்து வருமாயின் ஒரு செவியை அடைவதற்கும் மறு செவியை அடைவதற்கும் இடையிலுள்ள கால வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவுதான். அத்தனை சிறிய வேற்றுமையைக் கொண்டே பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் எந்தத் திசையில் வருகிறதென்று தெருவைக் கடப்பவர் திரும்பிப் பாராமலே அறிந்துகொள்கிறார். கடைசியில் செய்தி, காதுக்கு மேலே பொட்டு மடலின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் கேள்விப் புறணியை அடைகிறது.

இதுவரை நடந்தது கேட்டல். ஆந்தைக்கும் நாய்க்கும் இது நம்மைவிட நன்றாகவே நடக்கும். இதற்குப் பிறகு நடப்பதுதான் மனிதனுக்கே உரிய விசேஷம். பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறோம் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தாலும், பேச்சைப் பதிவுசெய்து அதன் அலையை வரைந்து பார்த்தால், சொற்களின் எல்லையில் மௌனம் இருப்பது அபூர்வம் என்பதும், மௌனம் காணப்படும் இடங்கள் பெரும்பாலும் ஒரு சொல்லின் நடுவே வல்லெழுத்துக்காக வாய் மூடும் இடங்களே என்பதும் தெரியவரும். ஹொக்கியென் அறியாத பாட்டிக்கு மீன்காரரின் பேச்சு அணை இல்லாத வெள்ளமாக ஒலிப்பதும், தமிழ் அறியாத மீன்காரருக்குப் பாட்டியின் பேச்சு அவ்வாறே ஒலிப்பதும் இதனால்தான். எல்லைகளை வகுப்பது கேட்பவரின் மூளை. எட்டு மாதக் குழந்தைகளிடம் அர்த்தமற்ற அசைகளை இடைவெளியின்றி இரண்டே நிமிஷம் ஒலிக்கச் செய்து, எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறதென்று அவை கணித்துச் சொற்களைப் பிரித்துக்கொள்வதை ஜெனி சாஃப்ரான் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் 1996-இல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள்.

ஓசைகளைப் பகுப்பதிலும் மூளை தன் ஊரின் வழக்கத்தையே பின்பற்றுகிறது. 'பத்து' என்பதும் 'பட்டு' என்பதும் நமக்கு இருளும் ஒளியும் போல வேறானவை. ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த ஒருவருக்கோ இவ்விரண்டின் நடு ஒலிகளுக்குள் வேற்றுமை காண்பது மிகுந்த பிரயாசையான காரியம். கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கர், ஹிந்தியிலுள்ள இத்தகைய தகர டகர ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகளுக்குக் கேட்பித்து, ஆறு முதல் எட்டு மாதம் வரையில் அவை வேற்றுமையைத் தெளிவாக உணர்வதையும், முதல் ஆண்டு நிறைவதற்குள் அந்தச் சக்தி மங்கிவிடுவதையும் 1984-இல் வெளியிட்டார். பிறக்கும்போது எல்லா நாட்டு ஒலிகளுக்கும் திறந்திருக்கும் செவி, ஓராண்டுக்குள் தன் வீட்டு ஒலிகளுக்கென்று தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது.

மாக் மண்டின் வீட்டில் வளரும் குழந்தைக்கு இந்தச் செப்பனிடும் வேலை இன்னும் நுட்பமானது. மலாயில் காலை வேளையைக் குறிக்கும் சொல்லும், 'கொடு' என்னும் பொருள்படும் சொல்லும் தமிழ் லிபியில் எழுதினால் இரண்டும் 'பாகி' என்றே ஆகும்; முதலொலியில் குரல் நாண்கள் சற்று முன்னதாக அதிரத் தொடங்குகின்றனவா, சற்றுப் பின்னதாகவா என்பது மட்டுமே வேற்றுமை. அந்தக் கால வித்தியாசம் பத்தில் ஒரு நொடியளவுதான் வரும். தமிழில் இந்த வேற்றுமை சொல்லின் பொருளை மாற்றுவது அரிதாகையால் இலக்கணமும் அதற்குத் தனி எழுத்து வகுக்கவில்லை. இருந்தும் பாட்டியிடம் தமிழும் அண்டை வீட்டில் மலாயும் கேட்டு வளரும் பிள்ளை, எந்தப் பாஷையில் அந்த வேற்றுமைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும், எதில் அதைப் பொருட்படுத்தாமல் விட வேண்டும் என்பதைப் பள்ளிக்குப் போகுமுன்பே சுவாதீனமாக்கிக்கொண்டுவிடுகிறது.

டான் என்ற மனிதர்

இவ்வளவும் மூளையின் எந்தப் பாகத்தில் நிகழ்கின்றன என்னும் கேள்விக்கு முதல் விடை பாரிஸில் கிடைத்தது. அந்நகரின் பிசேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ஞ் என்பவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசம் செய்தார். பிறர் சொல்வதை அவர் விளங்கிக்கொண்டார். கையசைவாலும் முகபாவத்தாலும் தம் கருத்தைக் காட்டினார். ஆனால் அவர் வாயிலிருந்து 'டான், டான்' என்னும் ஒலியைத் தவிர வேறு சொல் அநேகமாக வந்ததில்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் அவருக்கு டான் என்பதே பெயராயிற்று. 1861 ஏப்ரல் மாதத்தில் அவர் தமது 51-ஆம் வயதில் இறந்தபோது, பால் புரோக்கா என்னும் வைத்தியர் அவருடைய மூளையைப் பரிசோதித்து, இடப்புற நெற்றி மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1874-இல், காரல் வெர்னிக்கே என்னும் இளம் ஜெர்மானிய வைத்தியர் இதற்கு மாறான வகையொன்றை விவரித்தார். இடப்புறப் பொட்டு மடலின் பின்பகுதி பழுதானவர்கள் தடையின்றிச் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் பொருள் நிற்பதில்லை. பிறர் சொல்வதும் அவர்களுக்கு விளங்குவதில்லை.

பக்கவாதத்தால் படுத்திருக்கும் உறவினரின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர்கள் இவ்விரு வகைகளையும் கண்டிருப்பார்கள். முதல் வகையினர், "மவன்... பஸ்ஸு... நேத்து..." என்று ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்தெடுத்து, வேற்றுமை உருபும் வினைமுற்றும் கைவராமல் தவித்து, தவிக்கிறோம் என்பதையும் உணர்ந்து கண் கலங்குவார்கள். இரண்டாம் வகையினர் ராகம் குன்றாமல், நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் சரியாக அமைய, ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். தாம் சொல்வது பிறருக்கு விளங்கவில்லை என்பதும் அவர்களுக்குப் பல சமயம் தெரியாது. அறிவு மழுங்கிவிட்டதென்று சுற்றத்தார் இவர்களைச் சிறு குழந்தைகளைப் போல நடத்துவது பெரும் பிழை. பழுதுபட்டது மொழியின் வழியேயன்றி மனிதர் அல்லர்.

வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு மொழியின் ஆட்சி மூளையின் இடப்பாதியில் நடக்கிறது. பேச்சின் ராகம், கேலி, கோபம் ஆகியவற்றின் சாயலை உணர்வதில் வலப்பாதிக்கும் பெரும் பங்குண்டு. புரோக்காவும் வெர்னிக்கேயும் காட்டிய இரு ஸ்தானங்களோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதையும், கேட்ட ஒலியைப் பொருளோடு இணைக்கும் பாதையொன்றும், அதே ஒலியை நாவும் உதடும் அசைய வேண்டிய விதத்தோடு இணைக்கும் பாதையொன்றுமாகப் பரந்த வலைப்பின்னலே வேலை செய்கிறதென்பதையும் பிற்கால ஆராய்ச்சிகள் தெளிவாக்கியுள்ளன. அந்த வலைப்பின்னலின் வேகம் அசாத்தியமானது. "அம்மா தோசைக்குச் சட்னி அரைத்தாள்" என்று கேட்கும்போது சாந்தமாக இருக்கும் மூளை, "அம்மா தோசைக்குச் சன்னல் அரைத்தாள்" என்று கேட்டதும், பொருந்தாத சொல் தொடங்கியதிலிருந்து சுமார் 0.4 நொடியில் தலையின் மேல் வைத்த மின்வாய்களில் பதியும்படி ஒரு தனி அலையை எழுப்புகிறது. இத்தகைய அலையை மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-இல் கண்டறிந்தார்கள். கேட்டவர் சிரிப்பதற்கு வெகு முன்பே அவருடைய மூளை திடுக்கிட்டுவிடுகிறது.

பல பாஷைகள் தெரிந்தவருக்கு ஒவ்வொரு பாஷைக்கும் ஒவ்வோர் அறை உண்டோ என்று சிலர் கேட்பார்கள். அப்படித் தனித்தனிச் சுவர்கள் இல்லை. ஒரே வலைப்பின்னலே பெரும்பாலும் எல்லாவற்றையும் தாங்குகிறது. பக்கவாதத்துக்குப் பின் மீளும்போதும் எல்லாப் பாஷைகளும் ஏறக்குறைய ஒருங்கே திரும்புவதே அதிகம். குழந்தைப் பருவத்துப் பாஷையோ, அன்றாடம் அதிகம் புழங்கிய பாஷையோ முந்திக்கொண்டு வருவதும் உண்டு. பல பாஷைகளைக் கட்டி மேய்ப்பதால் மூளை களைத்துப்போகும் என்னும் பழைய அபிப்பிராயத்தை அசைத்த ஆராய்ச்சி இந்தியாவில் நடந்தது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவக் கழகத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் மறதி நோயுற்ற 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாஷைகள் பேசியவர்களுக்கு அந்நோய் மற்றவர்களைவிடச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தலைகாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இவ்வேற்றுமை காணப்பட்டது. 2016-இல் அதே குழுவினர், பக்கவாதம் கண்டவர்களில் அறிவுத்திறன் குறையாமல் தப்பியவர்கள் ஒரு பாஷைக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேராகவும் பல பாஷைக்காரர்களில் சுமார் 40 பேராகவும் இருக்கக் கண்டார்கள். எல்லா நாட்டு ஆராய்ச்சிகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் பல பாஷைகள் மூளைக்குப் பாரம் என்னும் அச்சத்துக்கு இடமில்லை என்பது உறுதி.

கைகள் பேசிய விடுதி

செவியின் வழியே மொழி வருகிறது என்று இதுவரை சொல்லி வந்தோம். கண்ணும் அதில் கலந்துகொள்கிறது என்பதற்கு ஹாரி மெக்கர்க், ஜான் மக்டொனால்டு என்னும் இருவர் 1976-இல் காட்டிய ஒரு சோதனை சான்று. ஒருவர் 'க' வர்க்க ஒலியைச் சொல்லும் முகத்தைத் திரையில் காட்டி, 'ப' வர்க்க ஒலியைக் காதில் ஒலிக்கச் செய்தால், பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டுக்கும் இடைப்பட்ட 'த' வர்க்க ஒலியையே கேட்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டால் அந்த மயக்கம் மறைந்துவிடுகிறது. அப்படியானால் செவி அறவே அடைபட்டு, கண் ஒன்றே திறந்திருக்கும் குழந்தையின் மூளையில் மொழி என்னவாகும்?

பினாங்குத் தீவில், தஞ்சோங் பூங்கா என்னும் பகுதியில், கூட்டரசு காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. மலாயாவின் பல பாகங்களிலிருந்தும் காது கேளாத பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படிப்பதற்காக 1954-இல் நிறுவப்பட்டது அது. மலாய், சீன, தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்த அப்பிள்ளைகளுக்கு அக்காலத்துப் போதனா முறையின்படி, பிறர் உதட்டைப் பார்த்துப் பேச்சை ஊகிக்கவும், தாமும் முயன்று வாய்விட்டு ஒலிக்கவுமே வகுப்பில் கற்பிக்கப்பட்டது. கைகளால் பேசுவதற்கு அங்கே இடமில்லை. உலகம் முழுவதும் கல்வியாளர்கள் அந்த முறையையே உயர்ந்ததென்று கொண்டிருந்த காலம் அது.

வகுப்பு முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. விடுதியிலும் விளையாட்டு வெளியிலும், ஆசிரியரின் பார்வைக்கு அப்பால், பிள்ளைகள் ஒருவரோடொருவர் கைகளால் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகையும் மற்றொருவர் புனைந்த சைகையும் கலந்து, மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்கு இறங்கி, வழக்கில் உறுதிப்பட்டு, ஒரு தனி மொழியாகவே வளர்ந்தது. பினாங்குச் சைகை மொழி என்று அறிஞர்கள் இன்று பெயரிட்டு அழைப்பது அதைத்தான். அதை எவரும் திட்டமிட்டு இயற்றவில்லை. இலக்கணம் எழுதிக் கொடுக்கவில்லை. தம் தேவையே தூண்ட, தம் மூளையே துணையாக, சிறுவர்கள் அதைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் பள்ளிகளில் கையசைவுகளுக்கு இடமளிக்கும் போதனா முறை வந்து, மலேசியச் சைகை மொழி நாடெங்கும் பரவியதும், பினாங்கின் அந்தப் பழைய மொழி பெரும்பாலும் முதியவர்களிடமே தங்கிப் போயிற்று. மாற்றுத்திறனாளர்களுக்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டம், மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வமான சைகை மொழியாக ஏற்றுக்கொண்டது.

சைகை என்பது பேச்சுக்குப் பதிலாக வைத்த வெறும் ஜாடை என்று எண்ணுவோருக்கு மூளையே மறுமொழி சொல்லியிருக்கிறது. அமெரிக்காவிலுள்ள சால்க் கழகத்தில் உர்சுலா பெலூகியும் அவருடைய துணைவர்களும், வாழ்நாளெல்லாம் சைகை மொழியில் பேசிவந்து பின்னர் மூளைச் சேதம் அடைந்த காது கேளாதவர்களை ஆராய்ந்து, 1987-இல் நூலாக வெளியிட்ட முடிவுகள் எவரையும் சிந்திக்க வைப்பவை. கையசைவு இடத்தையும் வடிவத்தையும் பொறுத்த காரியம். அவற்றை ஆள்வது பொதுவாக மூளையின் வலப்பாதி. ஆகவே சைகை மொழியும் அங்கேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் வலப்பாதி பழுதானவர்கள், ஒரு வீட்டைப் பார்த்து வரையத் தெரியாமல் தடுமாறிய நிலையிலும், சைகை மொழியைப் பிழையின்றிப் பேசினார்கள். இடப்பாதி பழுதானவர்களோ நன்றாக வரைந்தார்கள்.  சைகையில் பேச முற்பட்டபோது மட்டும், லெபோர்ஞைப் போலத் தடுமாறினார்கள். காது கேளாதவர்கள் சைகைகளைப் பார்க்கும்போது, ஒலிக்கென்று ஏற்பட்ட கேள்விப் புறணியைச் சார்ந்த பகுதிகள் விழித்துக்கொள்வதையும் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

இவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு ஒன்றே. மொழி செவியில் குடியிருக்கவில்லை, நாவிலும் குடியிருக்கவில்லை. செவி ஒரு வாயில். கண் மற்றொரு வாயில். உள்ளே வருவது எந்த வாயிலின் வழியாக ஆயினும், அதை மொழியாக்கிக்கொள்ளும் சக்தி மூளைக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. அது விதிக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: காலத்தோடு வர வேண்டும்.

காலம் கடப்பதற்குள்

குழந்தைப் பருவத்தின் முதற் சில ஆண்டுகளில் மூளையின் இணைப்புகள் மிக விரைவாக அமைகின்றன. பருவம் கடந்தபின் முதன்முதலாக மொழியைச் சந்திக்கும் மூளை, எத்தனை முயன்றாலும் இலக்கணத்தின் நுட்பங்களை முழுமையாகக் கைக்கொள்வதில்லை என்பது காது கேளாத பலரின் அநுபவத்தால் உறுதிப்பட்டிருக்கிறது. கிரேம் கிளார்க் 1978-இல் மெல்பர்னில் உட்செவிக்குள் முதன்முதலாகப் பொருத்திய பல மின்வாய்க் கருவியின் வழிவந்த காக்ளியர் சாதனங்களின் சரித்திரமும் இதையே சொல்கிறது. 3,500 கலங்கள் செய்யும் வேலையை 22 மின்வாய்களைக் கொண்டு செய்ய முயலும் அக்கருவி தருவது மிகவும் கரடுமுரடான ஒலி. இருந்தும் இளம் மூளை அதிலிருந்து பேச்சைப் பிரித்தெடுத்துக்கொள்கிறது. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு ஓரிரண்டு வயதுக்குள் பொருத்தினால் கிடைக்கும் பலன், பத்து வயதுக்கு மேல் பொருத்தினால் கிடைப்பதில்லை. மலேசியாவில் தேசியப் பல்கலைக்கழகம் 1995 முதல் இச்சிகிச்சையை நடத்திவருகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே ஏழைக் குழந்தைகளுக்கும் இது எட்டியிருக்கிறது.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை குறிப்பிடத்தக்க கேள்விக் குறையோடு பிறக்கின்றன. அதைக் கண்டுபிடிப்பது இன்று கடினமான காரியமும் அன்று. ஆரோக்கியமான உட்செவி, தான் ஓசையைக் கேட்கும்போது தானும் மிக மெல்லியதோர் ஓசையைத் திருப்பி எழுப்புகிறது என்பதை டேவிட் கெம்ப் 1978-இல் லண்டனில் கண்டறிந்தார். தூங்கும் சிசுவின் காதில் மெத்தென்ற சிறு முனையை வைத்து, டிக்டிக்கென்ற ஒலிகளை அனுப்பி, அந்த எதிரோசை வருகிறதா என்று கருவி பார்க்கிறது. ஊசியில்லை, வலியில்லை, குழந்தை விழிப்பதற்குள் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் இந்தப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையின் நிர்ணயம், ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே உலகெங்கும் வைத்தியர்கள் ஏற்றிருக்கும் கணக்கு.

நம் வீடுகளிலோ, இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையைப் பார்த்து, "அவங்க அப்பனும் இப்படித்தான், லேட்டாத்தான் வாயத் தொறந்தான்" என்று பாட்டிமார் சமாதானம் சொல்வதும், "வீட்ல மூணு பாஷை பேசறீங்க, பிள்ளை கொழம்பிப் போச்சு" என்று பக்கத்து வீட்டார் காரணம் கற்பிப்பதும் வழக்கமாக இருக்கின்றன. முதலாவது சில சமயம் உண்மையாக இருக்கலாம். அதை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள், உண்மையல்லாத சமயங்களில் திரும்பக் கிடைக்கமாட்டா. இரண்டாவது தவறு. பல பாஷைகளைக் கேட்பதால் ஒரு குழந்தையின் பேச்சு நின்றுபோவதில்லை. ஆகையால் மாக் மண்டினிலும் மற்றெங்கும் உள்ள பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையை, ஓராண்டாகியும் மழலை பிறவாத குழந்தையை, நல்ல நாள் பார்த்துக்கொண்டிராமல் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குறை உண்டென்று தெரிந்தால், கருவியோ சைகை மொழியோ இரண்டுமோ, எதுவாயினும் அன்றே தொடங்குங்கள். பெரியவர்களில் எவருக்கேனும் திடீரென்று நாக் குழறினாலும், வாய் கோணினாலும், சொல் வராமல் தவித்தாலும், கஷாயம் வைத்துக் கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்; மூளையின் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வைத்தியர்கள் வகுத்திருக்கும் எல்லை நான்கரை மணி நேரம்.